குளிசை ஒத்துக்கொள்ளேல்லையா, வெய்யில் ஒத்துக்கொள்ளேல்லையா?

 

என் கையையும் முகத்தையும் பார்த்துவிட்டு இரண்டு கிழமையாக நிறையப் பேர் விசாரித்துவிட்டீர்கள். வள்ளத்து எஞ்சின் சத்தத்துக்குள் ஒவ்வொருவருக்கும் கத்திக் கத்திப் பதில் சொல்லித் தொண்டை கட்டிவிட்டது. அதைவிட, கேட்டவர்களில் ஒரு அக்கா, "எனக்கும் உதே குளிசைதான் தந்தவை டீச்சர். உங்கட கையைப் பார்த்த பிறகு நான் நிப்பாட்டிப்போட்டன்" என்று சொன்னார். அதைக் கேட்ட நேரம் தொடக்கம் எனக்கு நிம்மதி இல்லை. அதனால்தான் எல்லாருக்குமாகச் சேர்த்து இதை எழுதுகிறேன். நீளம்தான், பொறுத்து வாசியுங்கள்.

முதலில் காய்ச்சல் கதை.

மாரி மழை விட்ட கையோடு பாடசாலை வளவில் சிரமதானம் செய்தோம். பற்றை வெட்டி, சருகு கூட்டி அள்ளினோம். பத்து நாளுக்குப் பிறகு எனக்கு நல்ல காய்ச்சல். தலையைத் தூக்க முடியாத தலையிடி. பரசிற்றமோல் போட்டால் வியர்த்துக் குறையும், ஆறு மணித்தியாலத்தில் திரும்ப ஏறும். நாலாம் நாள் குளிக்கும்போதுதான் இடுப்புப் பக்கத்தில் ஒரு கறுத்தப் பொருக்கைக் கண்டேன். சிகரெட்டால் சுட்டது போல, வட்டமாக, நோவே இல்லாமல். ஆஸ்பத்திரியில் அதைக் காட்டியதும் டொக்டர் வேறு ஒன்றும் பெரிதாகக் கேட்கவில்லை. "இது உண்ணிக்காய்ச்சல்" என்றார்.

நம் பகுதிக்கு உண்ணிக்காய்ச்சல் புதிதல்ல. பற்றைக்குள் இருக்கும், கண்ணுக்கு இலேசில் தெரியாத ஒரு சிறிய உண்ணியின் குஞ்சு கடித்து, அதன் வழியாக ஒரு பக்டீரியா உடம்புக்குள் போகிறது. மாரியிலும் மாரி முடிந்த கையோடும் யாழ்ப்பாணத்தில் வருடா வருடம் காண்கிற காய்ச்சல் இது. பாமசியில் வழக்கமாக வாங்கிப் போடுகிற அமொக்சிசிலினுக்கு அடங்காது. அடங்குகிற மருந்து டொக்ஸிசைக்ளின். எனக்குத் தந்தது காலை ஒன்று, இரவு ஒன்று, 100 மில்லிகிராம், ஏழு நாளுக்கு. இரண்டு நாளிலேயே காய்ச்சல் விட்டுவிட்டது. அப்படி ஒரு மருந்து.

இந்த மருந்தின் பரம்பரையைப் பற்றி ஒரு சின்னச் செய்தி. விஞ்ஞான டீச்சருக்கு இதைச் சொல்லாமல் கடக்க மனம் வராது. டொக்ஸிசைக்ளின் பாவனைக்கு வந்தது 1967இல். அதன் மூத்த சகோதரமான ஓரியோமைசின் 1948இல் அமெரிக்காவில் வெளிவந்தது. மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரிலிருந்து அதைப் பிரித்தெடுத்த டகர் வேலை செய்த ஆய்வுகூடத்துக்குத் தலைமை தாங்கியவர் யெல்லப்பிரகட சுப்பாராவ். ஆந்திராவில் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். மருந்து வெளிவந்த அதே வருடம் காலமாகிவிட்டார். அவருடைய பெயரை நம் பிள்ளைகள் எந்தப் புத்தகத்திலும் கண்டதாக எனக்குத் தெரியவில்லை.

சரி, கைக்கு வருகிறேன்.

காய்ச்சல் விட்டதும் தவணைப் பரீட்சைத் தாள்கள் கிடந்ததால் வேலைக்குப் போனேன். என் பாதை உங்களுக்குத் தெரியும். யாழ்ப்பாணத்திலிருந்து பஸ், பண்ணைப் பாலம், வேலணை, பிறகு இரண்டு பக்கமும் கடல் இருக்க நடுவில் நீளுகிற அந்த ரோட்டு, புங்குடுதீவு, குறிகட்டுவான். அங்கே வள்ளத்துக்கு நிற்பது, ஏறினால் நயினாதீவு. திரும்பவும் அதே பாதை. இந்தத் தூரத்தில் மர நிழல் என்று எத்தனை இடத்தில் இருக்கிறது, நீங்களே எண்ணிப் பாருங்கள்.

முதல் நாள் பின்னேரமே புறங்கை எரியத் தொடங்கிவிட்டது. கடிக்கிற எரிவு இல்லை. அடுப்பில் சுட்டதுபோல ஒரு எரிவு. அடுத்த நாள் கன்னம், மூக்கு, செருப்பு வாருக்கு நடுவில் தெரிகிற பாதத்தின் மேல்பக்கம். மூன்றாம் நாள் புறங்கை தடித்து, சில இடத்தில் நீர் கோத்த மாதிரி. சவர்க்காரம் பட்டால் உயிர் போகும்.

வீட்டில் எல்லாரும் சொன்னது ஒன்றுதான்: "மருந்து ஒத்துக்கொள்ளேல்லை. நிப்பாட்டு."

நிற்பாட்டவில்லை, ஆஸ்பத்திரிக்குப் போனேன். டொக்டர் என் மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னார். மணிக்கூடு இருந்த இடத்தில் தோல் அப்படியே, பழைய நிறத்தில், ஒரு சுகமும் கெடாமல் இருந்தது. மோதிரத்துக்குக் கீழேயும் அப்படியே. அபாயாக் கை முடிகிற இடத்தில் கோடு கீறியது போல ஒரு எல்லை: அந்தப் பக்கம் நல்ல தோல், இந்தப் பக்கம் வெந்த தோல். பர்தா மூடிய நெற்றியின் மேல்பாதியிலும் ஒன்றும் இல்லை. "எந்தக் கை கூட எரியுது?" என்று கேட்டார். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் இருந்த கை என்றேன். "குளிசைக்கு அலர்ஜி என்றால் அது மணிக்கூட்டைப் பார்த்து விலகிப் போகாது. உங்களை எரிச்சது குளிசை மட்டுமில்லை, குளிசையும் வெய்யிலும் சேர்ந்து" என்றார்.

நடப்பது என்னவென்றால், விழுங்கிய மருந்தில் ஒரு பங்கு இரத்தத்தோடு தோலுக்கும் போய்ச் சேருகிறது. வெய்யிலில் கழியூதாக் கதிர் இருக்கிறது அல்லவா, அதில் ஏ என்ற வகையை அந்த மருந்து உறிஞ்சிக்கொள்கிறது. உறிஞ்சிய சக்தியைச் சும்மா வைத்திருக்க அதற்குத் தெரியாது. பக்கத்திலுள்ள ஒட்சிசனுக்குக் கொடுத்து, அது துடிப்பேறித் தோலின் கலங்களைத் தாக்குகிறது. இந்த ஏ வகைக் கதிர் முகிலைத் தாண்டி வரும், பஸ் கண்ணாடியையும் தாண்டி வரும். மப்பும் மந்தாரமுமான நாளில் "இண்டைக்கு வெய்யில் இல்லைத்தானே" என்று நினைப்பதில் பயனில்லை. வள்ளத்தில் இருப்பவர்களுக்கு மேலிருந்து வருவதோடு தண்ணீரில் பட்டுத் திரும்புவதும் கொஞ்சம் சேரும்.

பிறகு வகுப்பில் எட்டாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று என் கையை உற்றுப் பார்த்துவிட்டு, "டீச்சர், இது நாங்கள் கறுத்தப் பேப்பர் சுத்தி வைச்ச இலை மாதிரி இருக்கு" என்றது. ஒளித்தொகுப்புக்கு ஒளி தேவை என்று காட்ட இலையின் ஒரு பகுதியை மூடிக் கட்டி, பிறகு அயடீன் விட்டுப் பார்ப்போமே, அதைத்தான் சொன்னது. டொக்டர் சொன்னதைவிட வடிவான விளக்கம். முழுப் புள்ளியும் போட்டேன்.

"கறுத்த ஆக்களுக்கு வெய்யில் சுடாது" என்று ஒரு கதை நம்மிடம் இருக்கிறது. அது தப்பு. வெள்ளைத் தோலில் சிவந்து தெரிவது நம் தோலில் சிவப்பாகத் தெரியாது, மண்ணிறமாகவோ ஊதா கலந்த கறுப்பாகவோ தெரியும். அதனால் "கறுத்துப்போனாய்" என்று சொல்லிவிட்டுப் போய்விடுகிறோம். உள்ளே வெந்திருப்பது தெரிவதில்லை. ஆறிய பிறகும் அந்தக் கறுப்பு மாதக் கணக்கில் நிற்கும். என் கையில் நீங்கள் இப்போது பார்ப்பது அதுதான். நோய் இல்லை. தொற்றாது. வள்ளத்தில் தள்ளி இருக்க வேண்டியதில்லை. (இரண்டு பேர் தள்ளி இருந்தீர்கள். கண்டேன். கோபமில்லை.)

என்ன செய்தேன் என்று கேட்டவர்களுக்கு: மிச்சமிருந்த குளிசையை டொக்டர் சொன்னபடி முழுதாகப் போட்டு முடித்தேன். வெய்யிலைத்தான் நிற்பாட்டினேன், முடிந்த அளவுக்கு. குளிர்ந்த தண்ணீரில் நனைத்த மெல்லிய துணியைக் கையில் போட்டு வைத்தேன். மணமில்லாத வெறும் கிறீம் பூசினேன். எரிவு கடுமையாக இருந்த இடத்துக்கு மட்டும், சில நாளுக்கு மட்டும், டொக்டர் எழுதித் தந்த ஸ்ரீரொயிட் கிறீம். அதைக் கடையில் கேட்டு வாங்கிக் கண்டபடி பூசாதேங்கோ, முகத்துத் தோலை மெலிய வைத்துவிடும். குளிசை முடிந்த பிறகும் சில நாளைக்கு மருந்து உடம்பில் இருக்கும் என்பதால் அந்த நாட்களிலும் மூடிக்கொண்டு திரிந்தேன்.

வுழூவைப் பற்றி நம் பெண்கள் கேட்டீர்கள். தண்ணீர் படுவது தீங்கு என்று வைத்தியர் சொன்னால் தயம்மும் செய்ய இடமிருக்கிறது என்பது நமக்குத் தெரியும். என் விஷயத்தில் டொக்டர் தண்ணீர் ஆகாது என்று சொல்லவில்லை, சவர்க்காரம்தான் ஆகாது என்றார். தீவுக் கிணற்றின் உவர்த் தண்ணீர் வெந்த தோலில் சுர்ரென்று பிடிக்கும். அதனால் வீட்டிலிருந்து இரண்டு போத்தல் நல்ல தண்ணீர் கொண்டுபோனேன். ஒரு வேளைக்கு ஒரு வேளை குளிர்ந்த தண்ணீர் பட்டு, தேய்க்காமல் ஒற்றித் துடைத்தது மருந்தைப்போல இதமாக இருந்தது.

இப்போது தேசிக்காய்க் கதை. எங்கள் ஒழுங்கை மாமி ஒருவர், அன்பில் குறையே இல்லாதவர், பாதித் தேசிக்காயோடு வந்தார். "கறுப்பு வெட்டும் மகள், பூசிக்கொண்டு கொஞ்சம் வெய்யிலில நில்லு." மாமிக்குத் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, தேசிக்காயைக் குசினிக்குள் வைத்துவிட்டேன். தேசிக்காய்த் தோலிலும் சாற்றிலும் இருக்கிற ஒரு பொருள் டொக்ஸிசைக்ளினைப் போலவே வெய்யிலோடு சேர்ந்து தோலைச் சுடும். ஊறுகாய்க்கு முற்றத்தில் இருந்து தேசிக்காய் வெட்டியவர்களின் கையில் சாறு வழிந்த கோடு கோடாகக் கறுப்பு விழுவதைப் பார்த்திருப்பீர்கள். எரிந்த தோலில் அதைப் பூசி வெய்யிலில் நிற்பது எரிகிற அடுப்புக்கு மண்ணெண்ணெய் ஊற்றுவதுதான்.

நம் நாட்டு வைத்தியர்கள் இந்த விஷயத்தை அறியாதவர்கள் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். வெண்புள்ளிக்குக் கார்போகரிசி கொடுத்து வெய்யில் காய வைப்பது பழைய வைத்தியம். அந்த விதையிலும் வெய்யிலைப் பிடித்துத் தோலில் வேலை செய்ய வைக்கிற பொருள் இருக்கிறது. அளவோடு செய்தால் தோலின் நிறத்தைத் திரும்பக் கொண்டுவர உதவும், அளவு தப்பினால் புண்ணாக்கும். ஆங்கில வைத்தியத்திலும் பின்னாளில் அதே வகைப் பொருளைக் குளிசையாக்கி, கழியூதா விளக்குக்குக் கீழே நிற்க வைத்தார்கள்.

இனி நான் பயந்த விஷயம். 2024 டிசம்பரில், வெள்ளம் வடிந்த கையோடு, வடமராட்சிப் பக்கத்தில் காய்ச்சல் வந்து அடுத்தடுத்து ஆட்கள் செத்தார்கள். முதலில் மர்மக் காய்ச்சல் என்றார்கள். பரிசோதனையில் எலிக்காய்ச்சல் என்று தெரிந்தது. அந்த நோய்க்கும் முன்காப்பாகக் கொடுப்பது இதே டொக்ஸிசைக்ளின்தான். வயலுக்குள்ளும் சேற்றுக்குள்ளும் இறங்குகிறவர்களுக்குக் கிழமைக்கு ஒருமுறை 200 மில்லிகிராம். உண்ணிக்காய்ச்சலுக்கும் இது, எலிக்காய்ச்சலுக்கும் இது. அடுத்த மாரியிலும் நமக்குத் தேவைப்படப்போகும் மருந்து. அதைப் போய் "எனக்கு ஒத்துக்கொள்ளாது" என்று நாமே பட்டியலில் இருந்து வெட்டிவிட்டால், நாளைக்கு மயங்கிய நிலையில் கொண்டுபோகும்போது கூட வந்தவர் "இவவுக்கு டொக்ஸி அலர்ஜி" என்று சொல்வார், டொக்டரும் தயங்குவார். என்னைப் பார்த்த டொக்டர் கடைசியாகச் சொன்னதும் இதுதான்: "ஆராவது கேட்டால் அலர்ஜி எண்டு சொல்லாதேங்கோ. டொக்ஸி போட்டு வெய்யிலில நிண்டு எரிஞ்சது எண்டு சொல்லுங்கோ. ரெண்டும் வேற."

ஒத்துக்கொள்ளாமை என்று உண்மையாகவே ஒன்று இருக்கிறது. அதையும் என் வீட்டில் பார்த்திருக்கிறேன். என் உம்மாவுக்கு ஒரு குளிசை போட்டால் கீழ்உதட்டில் ஒரு கறுத்த வட்டம் எழும்பும். ஒவ்வொரு முறையும் அதே இடம், ஒவ்வொரு முறையும் முன்னையதைவிடக் கறுப்பு. சோனகத்தெருவில் இருந்த காலத்தில் குடும்ப டொக்டர் அந்தக் குளிசையின் பெயரை ஒரு துண்டில் எழுதிக் கொடுத்திருந்தாராம். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி வீட்டை விட்டுப் போகச் சொன்னபோது அந்தத் துண்டை எடுக்கவா நேரம் இருந்தது? புத்தளத்தில் முகாமில் காய்ச்சல் வந்து மருந்து கொடுத்தபோது உம்மாவுக்குச் சொல்லத் தெரிந்தது "ஒரு வெள்ளைக் குளிசை எனக்கு ஆகாது" என்பது மட்டும். எல்லாக் குளிசையும் வெள்ளைதான். அதையே கொடுத்தார்கள், உதடு புண்ணாகிப் பல நாள் கஞ்சியும் குடிக்க முடியவில்லை. பின்னர்தான் அது கோற்றைமொக்சசோல் என்று தெரிந்தது. இப்போது அந்தப் பெயர் உம்மாவின் பேர்சில், அடையாள அட்டைக்குப் பின்னால் இருக்கிறது. என்னுடைய கைத்தொலைபேசியிலும் இருக்கிறது.

இன்னொன்று, இது பயப்பட வேண்டிய வகை. ஒரு மருந்து தொடங்கிச் சில நாளிலோ சில கிழமையிலோ காய்ச்சலோடு உடம்பெல்லாம் பொட்டுப் பொட்டாக எழும்பினால், வாய்க்குள் புண், கண் சிவந்து எரிவு, தோல் நோவது, கொப்புளம், உரிவு என்று கண்டால், அன்றைக்கே ஆஸ்பத்திரி. அடுத்த குளிசையைப் போடாமல், பெட்டியையும் கையில் எடுத்துக்கொண்டு போங்கள். வலிப்புக்குக் கொடுக்கும் காபமசெப்பீன், பினைற்றொயின், மூட்டு வீக்கத்துக்கான அலோபியூரினோல், உம்மாவின் அந்தக் கோற்றைமொக்சசோல் போன்றவற்றால் அரிதாக வரும், வந்தால் உயிருக்கு ஆபத்து. 1922இல் ஸ்ரீவன்ஸ், ஜோன்சன் என்று இரண்டு வைத்தியர்கள் எழுதி வைத்ததால் அவர்கள் பெயரில் அழைக்கிறார்கள். மூச்சு முட்டினாலோ முகம், நாக்கு வீங்கினாலோ அதுவும் உடனே போக வேண்டியதுதான். நெடுந்தீவு, நயினாதீவு ஆட்களுக்கு நான் சொல்லத் தேவையில்லை: பின்னேரம் பார்த்துக்கொள்வோம் என்று விட்டால் கடல் நடுவில் இருக்கும்.

கடற்றொழிலுக்குப் போகிற நானாமார், அண்ணன்மாருக்கு ஒரு வார்த்தை. குளிசை உறை சின்னது. "2 வேளை, சாப்பாட்டுக்குப் பின்" என்று எழுதவே இடம் போதாது. நீண்ட வரிசைக்கு நடுவில் மருந்து கட்டுகிறவர் உங்கள் தொழிலைக் கேட்கப்போவதில்லை. நீங்களாகச் சொல்லுங்கள்: "நான் கடலுக்குப் போறனான். இந்தக் குளிசைக்கு வெய்யில் ஆகுமோ?" ஆகாதென்றால் உண்ணிக்காய்ச்சலுக்கு வேறு மருந்தும் உண்டு, அசித்ரோமைசின் போல. பொருந்துமா என்பதை டொக்டர் பார்ப்பார். வேறு வழியில்லை என்றால் நீளக் கைச்சட்டை, கழுத்தைச் சுற்றித் துவாய், அகல விளிம்புத் தொப்பி. நெருக்கமாக நெய்த தடித்த துணிதான் நல்லது. வெய்யில் கிறீம் விற்கிற விலைக்கு ஒரு சேட்டே தைத்துவிடலாம். வாங்குகிறவர்கள் ஏ வகைக் கதிருக்கும் காப்பு உண்டா என்று பார்த்து வாங்குங்கள், எஸ்.பி.எவ். என்ற இலக்கம் பெரும்பாலும் மற்ற வகையைப் பற்றியது. குடையைப் பற்றி வள்ளத்தில் யாரும் கதைக்க வேண்டாம், போன மாதம் என்னுடையது காற்றோடு போனது.

டொக்ஸி போடுகிறவர்களுக்கு இரண்டு விஷயம் கூட. நிறையத் தண்ணீரோடு விழுங்கி, உடனே படுக்காதேங்கோ, தொண்டைக்குழாயைப் புண்ணாக்கும். பாலோடும் இரும்புச்சத்துக் குளிசையோடும் சேர்த்துப் போடாதேங்கோ, மருந்து உடம்பில் சேராது. கர்ப்பமாக இருந்தால் முதலே சொல்லிவிடுங்கள்.

அந்த அக்கா டொக்டரிடம் திரும்பப் போய்க் கேட்டாராம். எத்தனை நாள் விட்டுப்போனது என்று பார்த்து, மிச்சத்தை எப்படிப் போட வேண்டும் என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள்.

எங்கள் வீட்டில் இதற்குப் பிறகு நடந்த ஒன்று. வாப்பாவின் கழுத்தின் பின்பக்கமும் முன்னங்கையும் ஒரு வருடமாகக் கறுத்து, தடித்து, கடித்துக்கொண்டே இருந்தது. "வயசு" என்று சொல்லிக்கொண்டிருந்தார். மணிக்கூட்டைக் கழற்றச் சொன்னேன். கீழே நல்ல தோல். கிளினிக் கொப்பியை எடுத்துப் பார்த்தால் பிரஷருக்கு ஹைட்ரோகுளோரோதயசைட். அதுவும் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்ததுதான். இந்த வயதிலும் சைக்கிளில் சந்தைக்குப் போய் வருகிறவர், தொழுகைத் தொப்பி கழுத்தை மறைக்கவா போகிறது? குளிசையை நாங்களாக நிற்பாட்டவில்லை, பிரஷர் விளையாட்டில்லை. அடுத்த கிளினிக்குக்கு நானும் கூடப் போய் இரண்டு கையையும் காட்டினேன். டொக்டர் வேறு குளிசைக்கு மாற்றிக் கொடுத்தார். இப்போது கடி நின்றுவிட்டது, கறுப்பும் மெல்ல மெல்ல வெளுக்கிறது. வாப்பா சந்தையில் எல்லாருக்கும் சொல்லித் திரிவது, தேங்காய் எண்ணெய் பூசியதால்தான் சுகமானது என்று.